அருள் வந்தது, விலங்கு அவிழவில்லை!

கிருபை இறங்கிற்றாம், கல்நெஞ்சம் கனிந்ததாம்! நேற்றுவரை பாவியாம், இன்று பரிசுத்தனாம்! உழைத்துப் பெற்றதன்று, தகுதி கண்டு தந்ததன்று. கேளாமலே கிடைத்த கொடையாம் அது. ஓநாய் ஆட்டுக்குட்டி ஆகிவிட்டதாம்! கிறித்தவ மேடைகளில் ஓயாது ஒலிக்கும் செய்தி இது. கேட்போர் உள்ளம் உருகுகிறது, கண் கலங்குகிறது, கரங்கள் குவிகின்றன.

இனிக்கும் செய்திதான், மறுப்பாரில்லை. ஆயினும் தோழர்களே, ஓநாய் ஆட்டுக்குட்டியான அற்புதத்துக்குக் கைதட்டுமுன், நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அந்த ஓநாய் தின்று தீர்த்த ஆடுகள் எங்கே? அவற்றின் கணக்கை யார் பார்த்தது? யார் தீர்த்தது?

"ஈதென்ன, வேற்று மதத்தார் வீட்டில் நுழைந்து வம்பளக்கிறீர்களே!" என்று வினவுவோர் உண்டு. அவர்கட்கு நம் விடை எளியது. தந்தையைக் கொன்று தாயைக் கூடியவனுக்கும் பழி நீங்கிற்று என்று பாடும் திருவிளையாடற் புராணத்து மாபாதகம் தீர்த்த படலத்தை, நம் இயக்கம் சந்திதோறும் சாடியதே, அன்று எந்தத் தராசைத் தூக்கினோமோ, அதே தராசுதான் இன்றும் நம் கையில் இருக்கிறது. மதுரைக்கு ஒரு படிக்கல், பெத்லகேமுக்கு ஒரு படிக்கல் என்று நாம் வைத்துக்கொள்வதில்லை. கிறித்தவ மக்களோடு நமக்குப் பகையில்லை. எழுத்தறிவிக்கப் பள்ளி கட்டியவர்களை, நோயாளியைத் தொட்டுத் தூக்கியவர்களை நாம் மதிக்கிறோம். நாம் நிறுத்துப் பார்ப்பது ஒரு கொள்கையை. மனிதனை மாற்றுவது அருள்தான் என்ற கொள்கையை.

கொள்கையின் வேர் பழமையானது. 354-ல் பிறந்து 430-ல் மறைந்த அகஸ்டின், இளமையில் இன்பத்தில் திளைத்தவர். 386-ல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் மனம் மாறினார் என்பது அவரே எழுதிவைத்த வரலாறு. தம் மாற்றத்தைத் தம் முயற்சி என்று அவர் கொள்ளவில்லை. மனிதன் பிறவியிலேயே பாவி. அவன் உள்ளம் தானாக நன்மையை நாட வல்லதன்று. இறைவன் அருளினாலன்றி எவனும் உய்ய முடியாது என்று கோட்பாடு வகுத்தார்.

அதே காலத்தில் பெலாஜியஸ் என்றொரு துறவி எழுந்தார். பிரிட்டன் தந்த பெருமகன். மனிதனுக்கு நல்லதைத் தேர்ந்து செய்யும் ஆற்றல் உண்டு. இல்லையேல் நல்லதைச் செய் என்று கட்டளையிடுவது எதற்கு என்று கேட்டார். கேள்வி கூரியது. கிடைத்ததோ கண்டனம்! 418-ல் கார்த்தேஜ் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை பெலாஜியஸின் கருத்தைத் தள்ளிற்று. மனித முயற்சி தோற்றது. மேலிருந்து வரும் அருள் வென்றது. வென்ற கோட்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது, காணீர்! ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சிளங் குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிகச் சிறியதாயினும் உண்டு என்று அகஸ்டின் எழுத வேண்டி வந்தது. அடிமைத்தனம் என்பது பாவத்தின் விளைவாக வந்த தண்டனை என்றும் அவர் எழுதினார். அடிமையின் காலில் கிடக்கும் விலங்குக்கு ஆண்டையைத் தேடாமல், ஆதாமைத் தேடிப்போன விந்தை அது!

வேரைப் பார்த்தோம், இனி விளைந்த கனியைப் பார்ப்போம். அருளால் மாறிய மனிதர் என்று கிறித்தவ உலகம் எடுத்துக்காட்டும் பெயர்களுள் ஒளி மிகுந்தது ஜான் நியூட்டன் என்ற பெயர். வியத்தகு கிருபையைப் போற்றும் 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை ஆக்கியவர். 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டுக்காக ஆல்னி என்னும் ஊரில் எழுதப்பட்டு, 1779-ல் நூலேறிய அப்பாடலை உலகமே பாடுகிறது. அமெரிக்கக் கருப்பின மக்களும் தம் துயரத்தின் பாடலாக அதை ஏற்றனர். அதை நாம் மறைக்கவில்லை. பாட்டு நன்று. பாட்டுக்குப் பின்னே நிற்கும் கணக்கேடு எப்படி?

நியூட்டன் 1725-ல் இலண்டனில் பிறந்தார். மாலுமியின் மகன், மாலுமியானார். அடிமை வணிகக் கப்பலில் பணிபுரிந்தார், ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகன் ஒருவனிடம் சிக்கித் தாமே அடிமைபோல் பட்டினி கிடந்தார், பின்னர் மீட்கப்பட்டார். 1748 மார்ச் மாதம், கிரேஹவுண்ட் என்ற கப்பலில் தாயகம் திரும்புகையில் பெரும்புயல் தாக்கிற்று. கப்பலுக்குள் நீர் புகுந்தது. சாவு கண்முன் நின்றது. இறைவனை அழைத்தார். கப்பல் கரை சேர்ந்தது. அருள் தம்மைத் தொட்ட நாள் அதுவே என்று, ஆண்டுதோறும் அந்நாளை வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார்.

சரி, அருள் தொட்டுவிட்டது. தொட்டபின் என்ன செய்தார்?

அதே 1748-ல் மீண்டும் அடிமைக் கப்பல் ஏறினார், துணைத் தலைவராக! 1750-ல் பதவி உயர்ந்தது. டியூக் ஆஃப் ஆர்கைல் என்ற அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். அடுத்து ஆப்பிரிக்கன் என்ற கப்பல். அதில் இருமுறை பயணம். ஆப்பிரிக்கக் கரையில் ஆடவரை, பெண்டிரை, சிறுவரை விலைக்கு வாங்கினார், அடித்தட்டில் அடைத்தார், அட்லாண்டிக்கைக் கடந்து ஆண்டிகுவாவிலும் செயின்ட் கிட்ஸிலும் விற்றார். ஞாயிறு தவறாமல் மாலுமிகளைக் கூட்டி மேல்தட்டில் வழிபாடு நடத்தினார். மேல்தட்டில் மன்றாட்டு, கீழ்த்தட்டில் மரண ஓலம்! மேலே வேத வாசகம். கீழே விலங்கின் ஓசை! இடையே இருந்தது ஒரு பலகை. அருள் அந்தப் பலகையைத் துளைத்துக் கீழே இறங்கவில்லை!

கப்பலில் கிளர்ச்சிக்குத் திட்டம் என்று ஐயம் எழுந்தபோது, சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணியில் இட்டு நெருக்கி உண்மையைக் கறந்ததை நியூட்டன் தம் கப்பல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1752 டிசம்பரில்! அருள் தொட்டு நான்கரை ஆண்டுகள் சென்றபின்! எதிரிகள் இட்டுக்கட்டிய கதையன்று; அவர் கையெழுத்தே சாட்சி.

1754-ல் கடல் தொழிலை விட்டார். மனச்சான்று உதைத்ததாலா? இல்லை. திடீர் நோய் தாக்கிற்று, மருத்துவர் தடுத்தனர். அத்தொழிலில் இருந்த காலத்தில் அது முறையற்றது என்ற ஐயமே தமக்கு எழவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சங்கிலியும் பூட்டும் சூழ்ந்த பிழைப்பு உறுத்திற்று, இதனினும் இரக்கமுள்ள வேறு பிழைப்பு வேண்டுமென இறைவனிடம் மன்றாடினேன் என்ற கருத்தையும் எழுதினார். உற்று நோக்குங்கள் தோழர்களே! அவர் எழுதிவைத்த மன்றாட்டு, தம் பிழைப்பு மாற வேண்டும் என்பது. அவர்கள் விலங்கு அவிழ வேண்டும் என்பதன்று!

1764-ல் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டே தம் மனமாற்ற வரலாற்றை நூலாக வெளியிட்டார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் நூல் எழுதியதோ 1788-ல். புயலடித்த ஆண்டு 1748; கண்டன நூல் வந்த ஆண்டு 1788. இடையே நாற்பது ஆண்டுகள்!

அந்த நூலில் நியூட்டன் வெட்கப்பட்டார்; வெளிப்படையாகத் தம் குற்றத்தைச் சொன்னார்; அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். அவர் சாட்சியம் பயன்பட்டது. அதற்குரிய மதிப்பை அளிக்க நாம் தயங்கவில்லை. நாம் கேட்பது இது: நாற்பது ஆண்டு வாய் திறவாத அருள், 1788-ல் திடீரென்று பேசியது எப்படி?

விடை, விண்ணில் இல்லை, மண்ணில் இருக்கிறது. 1781-ல் சாங் என்ற கப்பலிலிருந்து 130-க்கு மேற்பட்ட அடிமைகள் உயிருடன் கடலில் வீசப்பட்டனர். கப்பலின் உரிமையாளர்கள், இழந்த சரக்குக்கு ஈடு கேட்டுக் காப்புறுதிப் பணத்துக்காக வழக்காடினர்! 1783-ல் அவ்வழக்கு வெளிவந்து நாடு நடுங்கிற்று. 1787 மே மாதம் இலண்டனில் பன்னிருவர் கூடி அடிமை வணிக ஒழிப்புச் சங்கம் கண்டனர். தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகச் சென்று, மாலுமிகளை வினவி, விலங்குகளையும் விரல் திருகுகளையும் விலைக்கு வாங்கி வந்து மக்கள்முன் வைத்தார். ஊர்தோறும் விண்ணப்பங்கள் எழுந்தன. அந்த அலை எழுந்தபிறகே ஆல்னிப் பாடலாசிரியரின் பேனா அசைந்தது. ஆய்வு, ஆதாரம், அணிதிரண்ட மக்கள் குரல்! நியூட்டனைப் பேசவைத்தவை இவை.

அருளின் காவலர்கள் இங்கே எழுந்து ஒரு விடை கூறுவர். மறுபிறப்பு ஒரு நாளில் நிகழலாம்; பரிசுத்தமாகுதல் மெல்ல மெல்ல நிகழ்வது; நியூட்டன்கூடத் தாம் புயலன்றே முழு விசுவாசி ஆகிவிடவில்லை என்று சொல்லியிருக்கிறாரே என்பர். உண்மை, சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த விடை கொள்கையைக் காக்கவில்லை, கவிழ்க்கிறது! மெல்ல மெல்லத்தான் மாற முடியும், பட்டும் படித்தும் பிறர் இடித்துரைத்தும்தான் மாற முடியும் என்றால், அருளைப் பெறாத மனிதனும் அப்படித்தானே மாறுகிறான்? குடிகாரன் குடியை விடுகிறான், கொடியவன் திருந்துகிறான், கோயிலே அறியாதவனும் குணம் மாறுகிறான். எல்லா மனிதரும் மாறும் அதே வழியில், அதே தாமதத்தில், அதே தூண்டுதலால் ஒருவர் மாறினார் என்றால், அங்கே அருள் செய்த தனி வேலை என்ன? நல்லது நேர்ந்தால் அருளின் வரவு. நாற்பதாண்டு கெட்டது நீடித்தால் மனிதனின் பற்று! இப்படி எழுதப்பட்ட கணக்கில் கடவுளுக்கு ஒருநாளும் நட்டம் வாராது!

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அதுதான் நம் வழக்கின் உயிர்நாடி.

கடன்பட்டவன் ஒருவன், கடன் கொடுத்தவன் வேறொருவன். மூன்றாமவன் ஒருவன் வந்து, உன் கடனை நான் தள்ளுபடி செய்தேன் என்றால், ஊர் சிரிக்காதா? நியூட்டன் தீங்கிழைத்தது விண்ணவனுக்கா? கப்பலின் அடித்தட்டில் கிடந்த கருப்பருக்கு! கட்டைவிரல் நசுங்கியது சிறுவனுக்கு! பிள்ளையைப் பறிகொடுத்தவள் தாய்! மன்னித்ததோ, மேலே இருப்பவன்! அந்தச் சிறுவனை யாரும் கேட்கவில்லை. அந்தத் தாயின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. அடிமைகளை எண்ணிட்டே குறித்தனர். பாவிக்கும் பரமனுக்கும் இடையே உடன்படிக்கை முடிந்தது. பாதிக்கப்பட்டவன் அந்த அவையில் இல்லவே இல்லை!

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். உயிரோடு கரையிறங்கியோர் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இடையில் மறைந்த ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் எவரை மன்னித்தனர்? எப்போது மன்னித்தனர்? அருட்கோட்பாட்டில் இக்கேள்விக்கு இடமே இல்லை. இடமில்லாததால்தான் அது கொடுமைக்காரனுக்கு அத்துணை இனிக்கிறது!

"அடிமை ஒழிப்புக்கு உழைத்தவர்களும் பக்தர்கள்தாமே? சங்கம் கண்ட பன்னிருவரில் ஒன்பதின்மர் குவேக்கர்கள், வில்பர்போர்சுக்கு வழிகாட்டியவர் நியூட்டன்" என்று கேட்பர். ஆம், பக்தர்களே. ஆனால் அடிமைகளை வைத்திருந்தவர்கள் நாத்திகர்களா? பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்பாரின் கரும்புத் தோட்டங்கள், 1710-ல் அவர் மறைந்தபின், ஆங்கிலத் திருச்சபையின் வேதம் பரப்பும் சங்கத்துக்கு உடைமையாயின. அங்கே அடிமைகளின் மார்பில் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்ற எழுத்துகளைச் சுட்டுப் பொறித்தனர்! 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, ஆண்டைகளுக்கு இழப்பீடாக 2 கோடிப் பவுன் ஒதுக்கப்பட்டது. அச்சங்கமும் 411 அடிமைகளுக்காக 8,823 பவுன் பெற்றது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை! ஆங்கிலத் திருச்சபை அதற்கு மன்னிப்புக் கேட்டது 2006-ல்! ஒரே வேதம், ஒரே வழிபாடு, ஒரே அருள். ஒருவன் விலங்கை உடைக்கிறான், ஒருவன் விலங்குக்கு விலை கேட்கிறான். எனவே இருவரையும் வேறுபடுத்தியது அருளன்று. ஆதாரத்தைக் கண்டு அறிவும் இரக்கமும் விழித்ததே வேறுபாடு.

விலங்கு பூண்டவர்களே விலங்கை உடைத்த வரலாறும் உண்டு. 1789-ல், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். 1791 ஆகஸ்டில் செயின்ட் டொமிங்கு தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர்; 1804 சனவரி முதல் நாள், ஹெய்ட்டி என்ற விடுதலை நாடு பிறந்தது. ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் நாள்களில் சாமுவேல் ஷார்ப் அடிமைகளை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டினார். அது கிளர்ச்சியாக மூண்டது. 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஷார்ப்பும் 1832-ல் தூக்கிலேறினார். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது! அந்த ஷார்ப் ஒரு கிறித்தவர். பாப்டிஸ்ட் சபையில் பணியாற்றியவர். ஆயினும் ஆண்டையின் உள்ளத்தில் அருள் இறங்கட்டும் என்று அவர் காத்துக் கிடக்கவில்லை. காத்திருந்தால், இன்றும் காத்திருக்க நேர்ந்திருக்கும்!

மார்பில் எழுத்துப் பொறித்த அந்தச் சங்கம் நமக்கு அயலதன்று. திராவிட மொழிகளின் தனித்தன்மையை 1856-ல் உலகுக்கு உரைத்த கால்டுவெல், 1841 முதல் அச்சங்கத்தின் பணியாளராகவே நெல்லைச் சீமையில் வாழ்ந்தார். அவர் தமிழுக்குச் செய்த தொண்டை நாம் மறவோம். அது அருளின் விளைவன்று, அயரா உழைப்பின் விளைவு. ஆனால் அதே நெல்லைச் சீமையின் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றையும் நாம் மறக்கலாகாது. வடக்கன்குளத்தில், மேல்சாதியார் ஒருபுறம், பிறர் மறுபுறம் அமர, நடுவே சுவர் எழுப்பினர்! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் அச்சுவரை இடித்தபோது, மேல்சாதிக் கிறித்தவர்கள் உரிமை கேட்டு நீதிமன்றம் ஏறினர்; தோற்றனர். ஞானஸ்நானம் பெற்றவர்கள், நற்கருணை உண்டவர்கள், அருள் பெற்றவர்கள்! சாதி மட்டும் சாகவில்லை! சுவரைச் சாய்த்தது அருளா, கடப்பாரையா? இன்றும் சில ஊர்களில், ஒரே சிலுவையின் கீழ் உறங்கும் பிணங்களுக்கும் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அதற்கு அருள் கூறும் விடை யாது?

கிறித்தவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். நம் பேச்சு கசந்தால், உங்கள் வேதத்தையே கேளுங்கள். லூக்கா சுவிசேஷத்தில் சகேயு என்றொரு வரி வசூலிப்போன் வருகிறான். மனம் மாறியதும் அவன் அழுதுகொண்டு நிற்கவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்கிறான், ஏமாற்றிப் பறித்ததை நாலத்தனையாய்த் திருப்பித் தருவேன் என்கிறான். அவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது! செருமானியப் பாதிரியார் போன்ஹோபர், 1937-ல் வெளியிட்ட நூலில், நடத்தை மாறாமல் மன்னிப்பு மட்டும் வழங்கும் திருச்சபையை, மலிவான அருளை விற்பதாகச் சாடினார்; இட்லரை எதிர்த்து 1945-ல் தூக்குமேடை ஏறினார். நாம் வெளியிலிருந்து கூறுவதை அவர் உள்ளிருந்தே கூறினார். நாம் அவரினும் ஓரடி மேலே செல்கிறோம்: திருப்பித் தருதலும் திருந்தி நடத்தலும் இருந்துவிட்டால், அருள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவை இல்லாவிட்டால், அருள் இருந்துதான் என்ன?

இளைஞர்களே! மனிதன் மாறவே மாட்டான் என்று நாம் சொல்லவில்லை. மாறுவான் என்ற நம்பிக்கையில்தானே நாம் ஏடு நடத்துகிறோம், மேடை ஏறுகிறோம், பள்ளியில் பாடம் சொல்கிறோம்! பிறவியிலேயே பாவி என்று குழந்தையின் நெற்றியில் எழுதுவோரினும், மனிதனிடம் நம்பிக்கை மிகுந்தவர்கள் நாம். ஆனால் மாறிவிட்டேன் என்று எவரேனும் வந்து நின்றால், அவர் சிலுவை அணிந்தவராயினும், திருநீறு பூசியவராயினும், எதுவும் அணியாத நம்மவரே ஆயினும், மூன்று கேள்விகள் கேளுங்கள்.

உன்னால் துன்புற்றவர் யார்? அவர் பெயரைச் சொல்!

அவரிடம் பறித்தது என்ன? திருப்பித் தந்தாயா?

அக்கொடுமை இன்னும் எங்கே நடக்கிறது? அதைத் தடுக்க யாரோடு நிற்கிறாய்?

மூன்றுக்கும் விடையிருந்தால் கைகொடுங்கள். தோழன் என்று தழுவுங்கள். விடையின்றிக் கண்ணீர் மட்டும் இருந்தால், கைக்குட்டை கொடுங்கள், கைதட்டாதீர்கள்!

மேல்தட்டில் பாட்டு எழும், எழட்டும். நம் செவி கீழ்த்தட்டில் இருக்கட்டும். அங்கே விலங்கின் ஓசை ஓயும்வரை, மேலே மாறிய மனிதனைப் பற்றி நாம் மகிழ ஒன்றுமில்லை!